வால் வெட்டிய மெட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? மாமாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? என் மாடி அறையில் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. மழை நின்றதால் நின்றது, வீட்டுக்காரர் ஓட்டையை அடைத்ததால் இல்லை.

ஒரு நல்ல செய்தி. இங்கே புதிதாகக் கட்டும் அரங்கத்தை ஜூனில் திறக்கிறார்கள். முதல் நிகழ்ச்சி தனி வயலின். மூன்று பகுதியாக நான் எழுத வேண்டும், ஒரு வயலின்காரி வாசிக்கப் போகிறாள். கறாரான ஆள். சிரிப்பதற்கு முன் யோசிப்பாள்.

முதல் பகுதியின் கடைசி வரியை மட்டும் நான் காலியாக விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பாதியில நிக்குது?" என்றாள். சொன்னேன். சின்ன வயதிலிருந்து இதுதான் வழக்கம், வாலை வெட்டிவிட்டு மெட்டை அக்காவுக்கு அனுப்புவேன், எங்கே போய் முடியும் என்று அவள் ஊகித்து ஸ்வரமாக எழுதி அனுப்புவாள், அதை மட்டும் விட்டுவிட்டு வேறொன்றை வைப்பேன், எதிர்பார்த்த இடத்தில் முடிகிற மெட்டில் என்ன இருக்கிறது என்றேன்.

"ஃபோன்ல கேட்டா ஒரு நிமிஷ வேலைதானே?"

ஃபோனில் கேட்டால் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று அவள் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் காகிதம்தான் என்றேன். அவள் வில்லைத் துடைத்துக்கொண்டே, "அப்போ மெட்டு யாரோடது? உங்களோடதா, அவங்களோடதா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி இருக்கிறது.

உறைக்குள் பென் டிரைவ் வைத்திருக்கிறேன். வாலை அனுப்பு. அடுத்த மாதம் இரண்டு நாள் வரட்டுமா?

உன் தம்பி,
வாலு

*

ஜனவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் மாமாவும்தான். அவருக்கு முட்டி வலி போய் இப்போது தோள்பட்டை வலி. உடம்புக்குள்ளேயே ஊர் சுற்றுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பொய் சொல்லாமல் எழுது.

மெட்டைச் சமையல் மேடையில் வைத்து இரண்டு தடவை கேட்டேன். நடுவில் தடுக்கி விழப்போகிற மாதிரி ஒரு இடம் வருகிறதே, அங்கே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வால் இதோ: ப ம க ரி ஸ. படி இறங்கி வந்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

எங்கள் வானிலை அலுவலகத்தின் மானம் போன வாரம் கப்பலேறியது. வெயில் என்று சொன்ன நாளில் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. ஒருவர் ஃபோன் செய்து, "உங்க ஆபீஸ்ல ஜன்னல் இருக்கா மேடம்?" என்றார். "இருக்கு சார், திறக்கத்தான் வராது" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

வராதே. வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறோம். சாமானெல்லாம் கூடத்தில் கிடக்கிறது, படுக்க இடமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாமாவுக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், இது பொய்.

வராதே என்றால் வந்து நிற்பேன் என்று உனக்குத் தெரியாதா என்ன? கதவைத் திறந்ததும் "வராதேன்னு எழுதினேனே!" என்று கத்தினாய். ஆனால் மேசையில் மூன்று தட்டு இருந்தது. வண்ணம் அடித்த வாசனையே இல்லையே என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

முதல் பகுதிக்கு நீ இறங்கச் சொன்னாய், நான் ஏறிவிட்டேன். மேலே போய் அங்கேயே நிற்கிறது. வயலின்காரியிடம் தாளைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே, "மேல போய் நிக்கும், சரியா?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "உங்க பழைய மெட்டெல்லாம் கேட்டேன். வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து கடைசி நேரத்துல திரும்பிடுவீங்க. ஒவ்வொரு தடவையும்." எனக்கு முகம் செத்துப்போனது.

அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது. அக்காவும் வேண்டாம், என் புத்தியும் வேண்டாம் என்று, இரண்டாம் பகுதியின் வாலைப் பிடிக்க ஸ்வரங்களுக்கு எண் போட்டுவிட்டுப் பகடையை உருட்டினேன். வந்தது பிடிக்கவில்லை. மறுபடி உருட்டினேன். அதுவும் பிடிக்கவில்லை. பிடித்தது வரும்வரை உருட்டிவிட்டுத்தான் எனக்கே புரிந்தது, இதற்குப் பகடை எதற்கு என்று. சிரிக்காதே.

நீ வால் அனுப்பாவிட்டால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் பகுதி உறையில் இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

வாலு

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

நீ ஃபோன் செய்ததாக மாமா சொன்னார். ஃபோன் வேண்டாம், எழுது. அலுவலகத்திலும் என்னை ஃபோன் மேசையிலிருந்து எடுத்து வரைபடப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அமைதியான அறை. நாள் முழுக்க மேகப் படங்களைப் பார்க்கிறேன், யாரோடும் பேச வேண்டாம்.

உன் பகடைக் கதையை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்று சொல்கிறேன். நாளைக்கு மழை என்று நான் எழுதினால் மேகம் அதைப் படிப்பதில்லை. அது பாட்டுக்கு வரும், அல்லது போகும். நீ அப்படி இல்லை. உன்னைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அது உன் காதில் விழுகிறது, உடனே கொம்பு முளைத்துவிடுகிறது. அதனால் உன்னைக் கணிப்பது கஷ்டம் என்று நீ நினைக்கிறாய். எனக்கென்னவோ மேகத்தைவிட நீ சுலபம்.

வால்: க ப த, அப்படியே த-வில் தொங்கவிடு.

வயலினைக் கொஞ்சம் கீழ் ஸ்தாயியில் வாசிக்கச் சொல்லேன். எல்லாவற்றையும் உச்சத்திலேயே வைத்தால் என்ன அர்த்தம்?

அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் அலுவலகக் கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என்ன ஆயிற்று உனக்கு? மெட்டில் எந்த இடம் பிடித்தது, எங்கே கரண்டியைக் கீழே வைத்தாய், ஒரு வார்த்தை இல்லை. ஃபோனை எடுப்பதில்லை. கோபமா?

தொங்கவிடு என்றாய், நான் இறக்கி வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். கேட்டவர்களெல்லாம் உருகுகிறார்கள். எனக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது.

தட்டுக் கதையையும் வண்ணம் அடித்த கதையையும் வயலின்காரியிடம் உளறிவிட்டேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "வராதேன்னா வருவீங்க. இறங்குன்னா ஏறுவீங்க. உங்க அக்கா உங்களுக்கு வானிலை சொல்லலை சார், மழையையே வரவழைக்கிறாங்க" என்றாள். அன்று மாலை முழுக்க ஒத்திகை ஓடவில்லை. பழைய வால்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீ தொங்கவிட்டபோதெல்லாம் நான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீ வீட்டுக்கு வரச்சொன்னபோதெல்லாம் வெளியே ஓடியிருக்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். உனக்கு வேண்டிய முடிவை எனக்கு விட்டுவைத்துவிட்டு, வேண்டாததைத்தான் எழுதி அனுப்புகிறாயா? இத்தனை வருடமாகவா?

மூன்றாம் பகுதி உறையில் இருக்கிறது. ஏறி ஏறி வந்து நி-யில் நிற்கிறது. அடுத்தது மேல் ஸ என்று தெருவில் போகிறவன்கூடச் சொல்லுவான். இதுவும் என்னுடையது இல்லை என்றால் நான் இந்த வேலையை விட்டுவிடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லிஃப்ட் செய்யும் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். கதவு திறக்கும்போது 'டிங்' என்று வருமே, அதைச் செய்யும் வேலை. அதற்கு வாலே கிடையாது.

ஜூனில் நீ வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். நான் வந்து அழைத்துப் போகட்டுமா?

வாலு

*

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். வெயில்தான் தாங்க முடியவில்லை. அறையில் மின்விசிறி ஓடுகிறதா?

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. ஜூனில் பருவமழை தொடங்கும் நேரம், விடுமுறை கிடைக்காது. நிகழ்ச்சிக்கு என்னால் வர முடியாது. நீயும் இப்போது இங்கே வராதே. ஒத்திகையைப் பார்.

லிஃப்ட் கம்பெனிக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம்.

வால்: ஸ-வில் நிற்காமல் தாண்டி, மேல் ரி. அங்கேயே நிறுத்து.

அக்கா

*

மே 4

மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பெரிதுபடுத்தாதே. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

நீ ஊருக்குப் போன அடுத்த வாரம் ஒரு காலையில் எழுந்தவளுக்கு வலது காது அடைத்துக்கொண்டது. சளி என்றுதான் நினைத்தோம். டாக்டர் நரம்பு என்கிறார். மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று, திரும்பவில்லை. சுத்தமாகக் கேட்காவிட்டால்கூடப் பரவாயில்லை, எல்லாம் கோணலாகக் கேட்கிறதாம். ஒரு சத்தம் இடது காதில் ஒரு மாதிரி, வலது காதில் வேறு மாதிரி. பாட்டுதான் மோசம். ஒரு வயலின் வாசித்தால் இரண்டு வயலின் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதாம். இடது காதும் மெல்லக் குறைகிறது. எதுவரை போகும் என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் இரண்டாவது மெட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மூன்றாவதைப் போடவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக உட்கார்ந்து எழுதினாள். "கேக்காமலே எப்படி எழுதறே?" என்றேன். "அவனை எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தனக்குக் கேட்காததால் எனக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள் போல.

உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. எனக்கு ஸ்வரமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா

*

மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் தோள்பட்டை தேவலையா? இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மறைக்காமல் சொல்கிறேன். காது கேட்காதவள் எழுதிக்கொடுத்த வாலுக்கு எதிராக ஒரு வால் வைத்தேன், ஊரே உருகியது. கேட்காமலே சொல்லிவிட முடிகிற மெட்டை எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டு எழுத வேண்டும்? அதற்கப்புறம்தான் அவளை நினைத்தேன். அப்படி நினைத்த வரிசைக்காக வெட்கமாக இருக்கிறது.

பை எடுத்துவைத்துவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் போனேன். வராதே என்று அவள் எழுதியது நினைவுக்கு வந்தது. இந்த நிலையில் தன்னை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாள் போல. அவள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை மாமா. இறங்கு என்றால் ஏறுவேன், வராதே என்றால் வருவேன். காது நன்றாக இருந்தவரை அது விளையாட்டு. இப்போதும் அதையே செய்தால் மனிதனா நான்?

அதனால் அவள் சொன்னபடியே செய்கிறேன். வரவில்லை. மூன்றாம் பகுதியையும் அவள் எழுதிய ரி-யிலேயே முடிக்கிறேன்.

அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்

*

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். வராதே என்றாய், வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்தது. முழுப் பதிவையும் அனுப்பியிருக்கிறேன். முதல் தடவையாக வாலோடு. நீ எழுதிய வாலை அப்படியே வைத்தேன், ஒரு ஸ்வரம் மாற்றவில்லை.

வயலின்காரிக்குக் கடைசித் தாளை அன்று காலைதான் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இது நீங்க எழுதினதா?" என்றாள். எழுதியது அக்கா, வைத்தது நான் என்றேன். "ஏன் வச்சீங்க?" வைக்கத் தோன்றியது என்றேன். தாளை ஸ்டாண்டில் வைத்தாள். "நீங்க எங்க போவீங்கன்னு தெரியாம நான் வாசிக்கப்போறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

மேல் ரி-யில் நிறுத்தி வில்லை எடுத்தபிறகு யாரும் கை தட்டவில்லை. இன்னும் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். அவளும் வில்லை இறக்காமல் நின்றாள். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அதற்கப்புறம்தான் ஒருவர் தட்டினார், கூட ஒருவர், மெல்ல எல்லோரும். நன்றாக இருந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெரியவர் வெளியே போகும்போது, "மீதி எப்போ தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லிஃப்ட் கம்பெனிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நீ கேட்டுவிட்டு எழுது. அவசரமில்லை. கேட்காவிட்டாலும் எழுது.

வாலு

*

ஜூலை 22

அன்புள்ள வாலுவுக்கு,

நலம் என்று எழுத வந்த கையை நிறுத்தினேன். நலமில்லை. உனக்குத் தெரியும். மாமா மே மாதம் பேனாவைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினார். அந்த மனிதர் பேனா தேடினால் நாட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். உன் கடிதத்தையும் கிழிக்கவில்லை, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். அரிசி அளப்பது யார் என்றுகூட யோசிக்கவில்லை பார்.

உன் பதிவை மேசையில் வைத்துவிட்டுப் பல நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். நேற்று வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டு, இடது காதுக்கு மேல் ஸ்பீக்கரைப் பிடிக்கச்சொல்லி மாமாவை நிற்க வைத்துக் கேட்டேன். தோள்பட்டை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வாலை அப்படியே வைத்தேன் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை, வழக்கம்போல மாற்றியிருப்பாய் என்றுதான் இருந்தேன். கடைசியில் அது ரி-யில் போய் நின்றதும், சரி, இந்தக் காதும் போய்விட்டது என்று நினைத்தேன். மாமாவைக் கேட்டேன், "முடிஞ்சுதா?" அவர், "எனக்கென்னம்மா தெரியும், வீட்டுக்கு வந்தவன் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஸ்வரம் தெரியாத மனிதர். அப்போதுதான் தெரிந்தது, என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, நீதான் முட்டாள்தனம் செய்திருக்கிறாய் என்று.

ஏண்டா அதை வைத்தாய்? நீ தூக்கிப்போடுவாய் என்று நம்பித்தானே எழுதினேன்! இது மட்டுமாவது நேராக வீட்டுக்கு வரட்டும், ஸ-வில் உட்காரட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆமாம், நீ ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எல்லாத் தடவையும் இல்லை. நிறையத் தடவை. வராதே என்று எழுதியதும் அதுதான். மே மாதம் முழுக்க மூன்றாவது தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்க உனக்கு இந்த வருடம்தானா கிடைத்தது?

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டாத முடிவு அது. நீ நீயாக இருந்திருந்தால் நீயும் அதை வைத்திருக்க மாட்டாய். யாருமே விரும்பாத ஒரு முடிவு எப்படியோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. மாமாவை இன்னொரு தடவை போடச்சொன்னேன். இதுநாள் வரை எந்த மெட்டைக் கேட்டாலும் அடுத்தது எங்கே போகும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அது ஒரு நோய் மாதிரி. இப்போது இந்த ஓட்டைக் காதில் பாதி விழுகிறது, பாதி விழவில்லை. இரண்டாம் தடவையும் எங்கே போகிறது என்று தெரியாமலேதான் கேட்டேன். ரி வந்ததும் அழுதேன். குழாயைத் திறக்கவில்லை.

மெட்டு யாரோடது என்று அந்தப் பெண் கேட்டாளே, எனக்குத் தெரியவில்லை என்று சொல். இனிமேல் வாலை வெட்டாதே. முழுசாக அனுப்பு. நான் எதையும் ஊகித்து எழுதப்போவதில்லை. லிஃப்டுக்கு 'டிங்' செய்ய வேறு ஆள் கிடைப்பான்.

டாக்டர் அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். இடது காது இருக்கிறபோதே உன் குரலைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் எந்தத் தந்திரமும் இல்லை, திருப்பிப் போட்டு யோசிக்காதே. நேராக எழுதுகிறேன்.

வா.

நீ வருவாயா மாட்டாயா என்று நான் கணிக்கவில்லை. தட்டும் எடுத்து வைக்கவில்லை. நீ வந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா